வினை செய்வானும் பயன் கூட்டுவானும்



இறைவன் எல்லாம் வல்லவன் என்பதும், உயிர் தான் செய்த வினைக்குத் தானே பொறுப்புடையது என்பதும் கடவுட்கொள்கையுடைய சமயங்கள் பலவற்றானும் உடன்படப்படுவன. இவ்விரண்டனையும் தனித்தனியே வைத்து நோக்குங்கால் யாதோர் இடர்ப்பாடும் தோன்றுவதில்லை. ஒருங்குவைத்து நோக்கப் புகுந்தவழியே, அவை தம்முள் மாறுகொள்வன போலத் தோன்றி அறிஞரையும் மயக்குகின்றன. அவனன்றி ஓரணுவும் அசையாதெனின், கள்வன் கை அசைந்ததும் அவனாலேயாம். அவனாலேயாயின் குற்றம் கள்வன்மேல் யாங்ஙனம் செல்லும்? குற்றம் கள்வனதே யெனின், அவன் கை அசைந்த அப்பொழுது இறைவனது ஆணை அவ்விடத்தை விட்டு அகன்று நின்றதோ? இவ்வினா நம்மவர்க்கே உரியதன்று. கிறித்துவ வேதத்தை ஓதுவாரையும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேலாக இது அலைத்துவந்துள்ளது. அவர்கள் இதனை எவ்வாறு ஆராய்ந்தனர், எவ்விடத்து வந்து நின்றனர் என்பதை நடுநிலையோடு நோக்குதல், நம் சித்தாந்தத்தின் பொருளை நாம் தெளிதற்கும் துணைசெய்யும்.

பிறர் வேதத்தை நாம் எடுத்தாராய்தல் வேண்டுமோ என வினவும் அன்பரும் உளராகலாம். அன்னார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைவு கூர்வாராக. பெர்சிவல் பாதிரியார்க்குத் துணையாயிருந்து, கிறித்துவ வேதத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியில் உழைத்தவர் அவர். 1854ஆம் ஆண்டில் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டபொழுது, தாம் மறுக்கப் புகுந்தாருடைய வேதத்தைத் துறைபோகக் கற்றவர் என்னும் தகுதியோடே வெளியிட்டார். அதே ஆண்டில் ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து அச்சிட்டார். பகைத்தாராயினும் ஒருவர் நூலை மற்றொருவர் கற்றுப் பகைத்த காலம் அது. கல்லாமலே இகழும் வழக்கம் பின்னர் வந்தது.

இனி, பொருளிற் புகுவோம். கிறித்துவ வேதத்தின் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் என்னும் பகுதியில் எகிப்து தேசத்து மன்னன் பார்வோன் வரலாறு சொல்லப்படுகிறது. தன் நாட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலரை விடுவிக்குமாறு மோசே வேண்டவும் அவன் இசைந்திலன். வாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வந்தன. வாதை தணிந்தபோதெல்லாம் அவன் தன் நெஞ்சத்தைத் தானே கடினமாக்கிக்கொண்டான் என்று அந்நூல் சிலவிடத்துக் கூறும். கடவுளே அவன் நெஞ்சத்தைக் கடினமாக்கினார் என்று வேறு சிலவிடத்துக் கூறும். கொப்புளம் தோன்றிய ஆறாம் வாதை தொடங்கிக் கடவுளின் செயலாகக் கூறுதல் மிகுகின்றமையின், முன்னர் அவன் செய்ததற்குப் பின்னர்க் கடவுள் தந்த தண்டமே அது எனச் சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி நன்றே, ஆயினும் முழுதும் பொருந்துமாறில்லை. மோசே எகிப்திற் புகுமுன்னரே, அவன் நெஞ்சத்தைக் கடினமாக்குவேன் எனக் கடவுள் முன்னறிவித்தலும் அந்நூலிலேயே காணப்படுகின்றதன்றோ?

இவ்வரலாற்றை மேற்கொண்டு பவுலடிகள் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு பெருவினாவை எழுப்புகின்றார். யாக்கோபு, ஏசா என்னும் இரட்டையர், நன்றும் தீதும் செய்தற்கு முன்னரே, தாய் வயிற்றில் இருக்கும்போதே, ஒருவன் தெரிந்தெடுக்கப்பட்டான், மற்றவன் விலக்கப்பட்டான். அங்ஙனமாயின் கடவுள் குற்றங்காண்பது எற்றுக்கு? அவர் சித்தத்திற்கு எதிர்நிற்பவர் யாவர்? வினாவை ஒளியாது எழுப்பிய அடிகள், விடைகூறுமிடத்துக் குயவனையும் மண்ணையும் காட்டுகின்றார். ஒரே மண்ணைப் பிசைந்து ஒரு கலத்தைச் சிறப்பிற்கும் ஒரு கலத்தை இழிவிற்கும் வனைதற்குக் குயவனுக்கு உரிமையில்லையோ என்பது அவர் கருத்து. இது வினாவை விடுத்த விடையாகாது, வினவுவானை அடக்கிய விடையே ஆம். மண் நோவாது, நாணாது, நரகம் புகாது. உயிரோ இவையெல்லாம் உடையது.

வியப்பு யாதெனின், இதே குயவன் உவமை எரேமியா என்னும் தீர்க்கதரிசியின் நூலில் வேறொரு பொருளில் வருகின்றது. அங்குக் கலம் குயவன் கையிற் கெட்டுப்போகிறது. அவன் அதனை எறிந்துவிடாது மீளவும் வேறு கலமாக வனைகின்றான். ஒரு சாதியார் தம் தீமையை விட்டுத் திரும்புவராயின், அவர்க்குச் செய்யக் கருதிய தண்டத்தைத் தாமும் விடுவேன் என்று கடவுள் அவ்விடத்திற் கூறுகின்றார். ஆண்டு மண்ணுக்கும் ஒரு மனமுண்டு என்பது போதருகின்றது. வாழ்வையும் சாவையும் முன்வைத்து வாழ்வைத் தெரிந்துகொள்க என மோசே வாயிலாகச் சொல்வதும், கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் அணைப்பதுபோல அணைக்க விரும்பியும் எருசலேமார் விரும்பிற்றிலரே என இயேசுநாதர் இரங்குவதும் அந்நூலிலேயே உள்ளன. ஒரு வேதத்தில் இருவகை வாக்கியங்களும் விரவிக் கிடத்தலின், பின்வந்த ஆசிரியர் ஒருசாரார் ஒன்றனையும், மற்றொருசாரார் மற்றொன்றனையும் தலைமையாகக் கொண்டனர்.

அவருள் நாம் முதற்கண் கருதத்தக்கவர் அலக்சாந்திரியா நகரத்து ஒரிஜன் என்பார். மூன்றாம் நூற்றாண்டினர். பார்வோன் வரலாற்றிற்கு அவர் கூறிய விளக்கம் நம்மனோர்க்கு மிக அணித்தாயது. ஞாயிற்றின் ஒரே வெம்மை மெழுகை இளக்குகின்றது, சேற்றை இறுகச் செய்கின்றது. வெம்மை ஒன்றே, வேற்றுமை பொருள்களின் இயல்பால் வந்தது. அங்ஙனமே கடவுளின் ஒரு செயலால் ஒருவன் நெஞ்சம் நெகிழ, மற்றொருவன் நெஞ்சம் கல்லாயிற்று என்றார். ஞாயிற்றின் முன்னிலையில் தாமரை மலர்தலை இறைவன் விகாரமின்றித் தொழில் செய்தற்கு உவமையாக ஓதிவரும் சைவர்க்கு இது கேட்ட குரல் போலவே ஒலிக்கும். அவர் இன்னும் ஓரடி மேற்சென்றார். ஒருவன் மெழுகாகவும் ஒருவன் சேறாகவும் இருத்தற்குக் காரணம் யாது என்று தம்மைத் தாமே வினவிக்கொண்டு, இப்பிறவிக்கு முன்னரே உயிர்கள் இருந்தன, யாக்கோபும் ஏசாவும் பெற்ற வேறுபாடு முன்னைச் செயல்களின் பயன் என்று துணிந்தார். வினைக்கொள்கையின் வாயிலை ஒருவர் தாமாகவே வந்து தட்டிய ஓசை அது. ஆயின் அவ்வாயில் அவர்க்குப் பின்னர் அடைக்கப்பட்டது. உயிர்கள் பிறவிக்கு முன்னரே உள்ளன என்னும் கொள்கையை 543ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் என்னும் பேரரசன் ஆணையிட்டுக் கண்டித்தான்.

வாயில் அடைபட்டபின் எஞ்சியது இல்பொருளினின்றும் படைக்கப்பட்ட உயிரும், அதற்கு வாய்த்த ஒரே பிறவியுமே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்பார், மனிதன் தன் முயற்சியாலேயே நன்னெறி நிற்கவல்லன் என்றார். ஆப்பிரிக்க நாட்டு ஆகுஸ்தீன் என்பார் அதனை முழுமூச்சுடன் மறுத்தார். தாம் நல்லது விரும்பியும் தம் விருப்பமே தம் வயப்படாது நின்ற துன்பத்தைத் தம் வரலாற்றிலே அவர் எழுதியுள்ளமை பலரும் அறிந்தது. தம் நெஞ்சோடு தாம் போராடித் தோற்ற நம் அருளாளர் பாடல்களில் உருகியவர்க்கு ஆகுஸ்தீனுடைய கண்ணீர் விளங்காததன்று. அருளாலன்றி உயிர் அருளை நாடவும் மாட்டாது என்பது அவர் துணிபு. பெலாகியுஸின் கொள்கை 418ஆம் ஆண்டிற் கார்த்தேஜ் நகரத்துப் பேரவையிற் கண்டிக்கப்பட்டது. அவ்வளவில் ஆகுஸ்தீன் கூறியதனை நாமும் தலைமேற் கொள்வோம். ஆயின், அருள் சிலர்க்கு ஈயப்பட்டுச் சிலர்க்கு ஈயப்படாமைக்குக் காரணம் கேட்டவழி, அவரும் பவுலடிகளைப் போலவே கடவுளின் அறியவொண்ணாத தீர்ப்பைச் சுட்டி வாய்மூடினார்.

அவர் மூடிய வாயைக் கால்வின் முதலிய பிற்காலத்தார் திறந்தனர். சிலரை வாழ்விற்கும் சிலரை அழிவிற்கும் கடவுள் அநாதியே குறித்துவைத்தார் எனக் கால்வின் வெளிப்படையாகவே கற்பித்தார். 1646ஆம் ஆண்டில் எழுதிமுடிக்கப்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நிகழ்வன யாவும் கடவுளின் நியமனமே என்று கூறி, அதே மூச்சில், கடவுள் பாவத்திற்குக் கருத்தா அல்லர் என்றும், உயிர்களின் விருப்பத்திற்கு வலிந்து இடர் செய்யப்படுவதில்லை என்றும் கூறுகின்றது. ஸ்காத்லாந்துச் சபையார் இதனைத் தம் கொள்கை நூலாக மேற்கொண்டனர்.

அச்சபை நமக்குச் சேய்மையதன்று. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னையிற் கல்விப்பணி தொடங்கினார். அப்பணி கச்சிமாநகர்க்கும் வந்தது. இன்றும் காஞ்சிபுரத்தில் அவர் பெயரால் ஒரு பள்ளி நடைபெறுகின்றது. ஏகம்பத்தின் கோபுர நிழலிலே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைக் கைக்கொண்ட ஆசிரியர்கள் நம் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தனர் என்பது எண்ணுதற்குச் சுவையுடைய செய்தி. அவருடைய தாய்ச்சபையாராகிய ஸ்காத்லாந்துச் சுயாதீன சபையாரே 1892இல் ஒரு விளக்கச் சட்டம் இயற்றி, மக்கள் தம் பாவம் கருதப்படாமலே அழிவிற்கு நியமிக்கப்பட்டனர் என அவ்வறிக்கை கற்பிப்பதாகத் தாம் கொள்ளவில்லை என்று அறிவித்தனர். அவர்தம் நெஞ்சிலிருந்த நீதியுணர்ச்சி அவர்தம் ஏட்டினும் வலியதாயிற்று. ஜான் வெஸ்லி என்பார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்நியமனக் கொள்கையை எதிர்த்துப் பிரசங்கித்தார். அவர் வழியினரும் ஸ்காத்லாந்தார் வழியினரும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயினர். வழக்குத் தீர்ந்து ஒன்றாயினரோ, வழக்கை மறந்து ஒன்றாயினரோ, அது அவர்க்கே வெளிச்சம்.

இனி நம் கொள்கையை நோக்குவோம். பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. உயிரை இறைவன் படைத்திலன். அதனைப் பற்றிய ஆணவத்தையும் அவன் படைத்திலன். செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரின் விழைவு அறிவு செயல்களை மறைத்து நிற்க, அவற்றை விளக்குதற்பொருட்டு உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் தந்தவனே இறைவன். ஆகவே, மண்ணைச் சேறாக்கியவன் யார் என்னும் வினா ஈண்டு இறைவனைத் தொடுவதில்லை. குயவன் மண்ணையும் அதிற் கலந்த கல்லையும் தானே உண்டாக்கிப் பின் கல் இருக்கின்றதே என்று வெகுள்பவனாக நம் நூல்கள் அவனை வைத்துப் பேசவில்லை.

அற்றேல், அவன் இறைமை குறைவுபடாதோ, தான் படையாத ஒன்று உண்டெனின் அவன் எல்லாம் வல்லவன் ஆதல் யாங்ஙனம் எனின், கூறுதும். உயிர் தானே காணமாட்டாது. கண்ணுக்கு ஒளி வேண்டும். ஒளியிருந்தும் உயிர் கண்ணோடு கலந்து காணாவிடின் கண் காணாது. அங்ஙனமே இறைவன் உயிர்க்குக் காட்டுதலும், உடன்நின்று காணுதலும் ஆகிய இரண்டு உபகாரமும் செய்கின்றான் என்பது சிவஞானபோதத்தின் பதினொன்றாஞ் சூத்திரத்தாற் பெறப்படும் பொருள். கள்வன் கை அசைதற்கும் அவன் உடன்நிற்றல் வேண்டும். ஒரு விளக்கொளியில் ஒருவன் திருமுறை ஓதுகின்றான், மற்றொருவன் கள்ளப்பத்திரம் எழுதுகின்றான். விளக்கின்றி இருவர்க்கும் தொழில் இல்லை. ஆயினும் கள்ளப்பத்திரத்தை விளக்கு எழுதிற்று என்பார் எவருமில்லை. இவ்வாறாக, எங்கும் விலகாது நிற்கும் தலைமையே இறைமை என்று நாம் கொள்கின்றோம்.

விளக்கு அறிவற்றது, இறைவனோ அறிவே உருவானவன், அறிந்தும் உடன்நிற்பது குற்றமன்றோ என்று எதிர்வாதி வினவின், அவ்வினா வலியுடையதே. அதற்கு விடை மறைத்தற் றொழிலில் உள்ளது. ஆணவத்தின் வலி கெடுதற்பொருட்டு, இறைவன் தன்னை உயிர்க்கு மறைத்து, அது விழைந்தவற்றின்மேலே அதனைச் செலுத்தி, பயனை ஊட்டி, உவர்ப்புத் தோன்றச் செய்கின்றான். திரோதானம் என்னும் அதுவும் அருளே. புண் பழுக்கும்வரை மருந்திட்டுக் கட்டிவைக்கும் மருத்துவனைக் கொடியன் என்பாரில்லை. பார்வோன் நெஞ்சம் கடினமாக்கப்பட்டது என்பதை ஒரு சைவன் படிப்பானாயின், திரோதானத்தையே நினைப்பான். வேறுபாடு முடிவில் உள்ளது. பார்வோனுடைய சேனை கடலில் அமிழ்ந்ததோடு அக்கதை நின்றுவிடுகின்றது. இறுகிய நெஞ்சம் இளகுதற்கு அங்கே வேறு பிறவி இல்லை. ஒரு பிறவியே உண்டெனக் கொண்டார்க்கு இவ்வினா இத்துணைச் சுமையானதற்கு அதுவே காரணம்.

நெசவூராகிய ஐயம்பேட்டையில் இருந்து இதனை எண்ணுவார்க்குத் தறியே உவமையாக முன்வந்து நிற்கும். குழித்தறியில் இறங்கி அமர்ந்தவன் முன்னே பாவு முன்பே விரிந்து கிடக்கின்றது. அதன் நிறமும் அகலமும் இழைக்கணக்கும் இனி மாறா. நாடா செலுத்தும் ஊடையோ அவன் கையது. பாவினைப் பிராரத்தமென்றும் ஊடையை ஆகாமியமென்றும் கொள்ளலாம். ஆயின் இவ்வுவமை பாதிவழியிலேயே நம்மை விட்டுவிடும். பாவைத் தறியிற் கட்டியவர் பிறர் என்று நெசவாளன் சொல்லலாம். அவ்விழையையும் முன்னொருநாள் நானே நூற்றேன் என்று சொல்ல வேண்டியவன் சித்தாந்தி.

ஈண்டு நம்மவர்க்கு ஒன்று சொல்லுதல் வேண்டும். ஆணவம் அநாதியாயின், எல்லா உயிர்க்கும் அஃது ஒப்ப இருந்தும், ஓர் உயிர்க்கு முன்னும் ஓர் உயிர்க்குப் பின்னும் பக்குவம் வருவானேன் என்று வினவினால், மலம் ஒன்றாயினும் அதன் சத்திகள் உயிர்தோறும் வேறுவேறு, தத்தம் கால எல்லையில் நீங்கும் என்று விடையிறுப்போம். அவ்வேறுபாடு எதனால் எனின், அஃது அதன் இயல்பு என்போம். எதிர்வாதி நகைத்து, நீவிரும் ஓரிடத்து நின்றுவிட்டீரே என்பான். ஆம், நின்றோம். எக்கொள்கையும் ஓரிடத்தில் நின்றே தீரும். பவுலடிகள் இறைவன் சித்தத்தில் நின்றார், யாம் மலத்தின் இயல்பில் நிற்கின்றோம். காரணம் காட்டவியலாத கொடுமையை இறைவன் திருவுள்ளத்தில் வைப்பதினும், அழுக்கின்கண் வைப்பது அவன் கருணைக்கு இழுக்காகாது என்பதே எம் துணிபு. இதற்குமேல் வெற்றிமுரசு கொட்டுதற்கு இடமில்லை.

கொள்கையில் இத்துணைத் தெளிவிருந்தும் நம்மவர் வழக்கிற் காண்பது வேறு. வாங்கிய கடனைத் திருப்பாதவனும், பெற்றோரைப் புறக்கணித்தவனும், குடியாற் குடும்பத்தைக் கெடுத்தவனும் எல்லாம் அவன் செயல் என்று பெருமூச்செறிகின்றனர். இறைவனோடு ஒன்றி, அவன் பணியில் வழுவாது நின்று, தன்முனைப்பு முற்றும் அற்றவர்க்கு உரிய சொல் அது. அந்நிலையினரை வினை பற்றாமை பத்தாஞ் சூத்திரத்தின் கருத்து. முனைப்பு உள்ளவன் வாயில் அச்சொல் வருமாயின், அது கால்வினுடைய கொள்கையினும் கொடியது. கால்வினேனும் பாவியைப் பாவி என்றே அழைத்தார். இவன் தன் பாவத்தைச் சிவத்தின்மேல் ஏற்றுகின்றான்.

இவ்விடத்தில் கிறித்துவ வேதத்தின் ஒரு வாக்கியம் நமக்கு உடன்பாடாய் வருவது. பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தில் பவுலடிகள், உங்கள் மீட்பிற்காக அச்சத்தோடு உழையுங்கள் என்று கூறி, விரும்புதலையும் செய்தலையும் உங்களுள் உண்டாக்குபவர் கடவுளே என்று அதற்குக் காரணமும் காட்டுகின்றார். அவன் செய்கின்றான், ஆதலின் நீ வாளா இரு என்றாரல்லர். குயவனைக் காட்டிய அதே பவுலடிகள் இங்கே மண்ணை எழுந்து உழைக்கச் சொல்லுகின்றார். அவர்தம் வாழ்க்கையும் அவ்வாறே இருந்தது. தாம் செய்த நன்மையை அருளுக்கும், தாம் முன்செய்த தீமையைத் தமக்குமே உரித்தாக்கி எழுதினார்.

காஞ்சியில் வாழ்ந்த நாயன்மார் இருவர் வரலாறு இப்பொருளையே விளக்குவன. திருக்குறிப்புத்தொண்டர் அடியார்தம் ஆடையை ஒலித்துத்தரும் பணியினர். கூதிர்க்காலத்தில் மெலிந்த அடியாராய் வந்த பெருமான், பொழுதுபடுமுன் தரவேண்டும் என்னும் உறுதியின்மேல் தம் கந்தையை அவரிடம் ஈந்தார். கந்தை வெளுத்து உலர்த்தப்புகும் வேளையிற் பெருமழை பிடித்துக்கொண்டது, மாலைவரை விட்டிலது. மழை யாருடையது? இறைவனதே. பாவு விரித்த வீதியில் மழை வருதலின் கொடுமையை ஐயம்பேட்டையார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மழை பெய்தது, யான் என்செய்வேன் என்று அத்தொண்டர் சொல்லியிருப்பின், அவரைக் குறைகூறுவார் எவருமிலர். அவரோ மழையை இறைவன்பால் விட்டார், தவறிய உறுதிமொழியைத் தம்பாற் கொண்டார். ஆடை ஒலிக்கும் கல்லிலே தம் தலையை மோதப் புகுந்தார். அப்பொழுது கல்லினின்றும் எழுந்து தடுத்த கை ஏகம்பர் கை.

மற்றவர் சாக்கிய நாயனார். சங்கமங்கையிற் பிறந்து, உண்மை நாடிக் காஞ்சிக்கு வந்து, புத்த சமயத்தை மேற்கொண்டவர். அச்சமயத்தை ஆராய்ந்து அவர் கண்ட தெளிவைச் சேக்கிழார் பெருமான் நான்கு பொருளாக வகுத்துக் காட்டுகின்றார். வினை, அதனைச் செய்யும் உயிர், அதன் பயன், அப்பயனைக் கூட்டும் இறைவன் ஆகிய நான்கும் ஒருங்குடையது சைவமே என்பது அத்தெளிவு. நாம் இதுகாறும் ஆராய்ந்த வழக்கனைத்தும் இந்நான்கனுள் அடங்கும். கூட்டுவானை விடுத்து வினையே பயன் தரும் என்றார் சிலர். செய்வானை விடுத்து வினையோட்டம் ஒன்றே உளதென்றார் சிலர். கால்வினோ, கூட்டுவானை எத்துணைப் பெரியனாக்கினார் எனின், செய்வான் இருந்தும் இலனாயினான்.

அந்நாயனார் ஒருநாள் வெளியிடையே சிவலிங்கத்திருமேனியைக் கண்டு, பேரன்பால் தம்மையறியாது, அருகே கிடந்த கல்லொன்றை எடுத்து மலரென எறிந்தார். மறுநாள் அவ்விடம் வந்தபோது, நேற்று அவ்வெண்ணம் தமக்குத் தோன்றியது திருவருளே எனத் துணிந்தார். துணிந்தவர், அருள் இன்றும் தானே எறிவிக்கட்டும் எனக் கைகட்டி நின்றிலர். அதனையே நாடோறும் செய்யும் தொண்டாக மேற்கொண்டு மற்றொரு கல்லை எடுத்தார். முதற்கல் அருளின் கல். இரண்டாங்கல்லில் அருளும் உண்டு, சாக்கியரும் உண்டு. ஒருநாள் மறந்துபோய் உண்ணப் புகுந்தார்; நினைவு வந்தது. மறப்பித்தவனும் அவனே என்று அமைதி கூறிக்கொண்டு அவர் உணவிற் கைவைத்திலர். பசியோடு எழுந்து, கல்லைக் கையிற்கொண்டு, சிவலிங்கத்திருமேனி நோக்கி ஓடினார்.